திருப்தி என்று எழுதிக்கொடுத்தவள்

அவரைப் பார்ப்பதற்கு முன் அவருடைய எழுத்தைத்தான் பார்த்தேன். ராசிங்காபுரத்திலிருந்து போடிக்குத் தினமும் காலை பஸ்ஸில் வருவேன். சிலமலை நிறுத்தத்தில் ஒரு டீக்கடைச் சுவரில் கரும்பலகை மாட்டியிருந்தது. ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் படிக்கலாம். "இந்த மாதம் நம் ஒன்றியத்தில் நடக்கும் வேலைகள்" என்று மேலே தலைப்பு. கீழே ஊர் ஊராக வரிகள். இந்தத் தெருவுக்குச் சிமெண்டு ரோடு, அந்த ஊருக்குச் சாக்கடை, இன்னோர் ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி. கடைசி வரியில் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே மலைமேல் இருக்கிற ஒரு குடியிருப்பின் பெயர் இருக்கும். அதற்கு நேரே "ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கும். மாதாமாதம் மற்ற வரிகள் மாறும். கடைசி வரி அப்படியேதான் இருக்கும்.

அந்தக் குடியிருப்பின் உண்மைப் பெயரைச் சொன்னால் அங்கே இருப்பவர்களுக்கு இன்றைக்கும் சங்கடம். மேல்குடி என்று வைத்துக்கொள்கிறேன்.

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் என் கடை. ஜெராக்ஸ், தட்டச்சு, பட்டா எடுத்துக் கொடுப்பது, சாதிச் சான்றுக்கு விண்ணப்பிப்பது. ஒரு நாள் வழுக்கைத் தலையும் சட்டைப் பையில் ஒரு சாக்பீஸ் துண்டுமாக ஒருவர் வந்து மனு ஒன்றைத் தட்டச்சு செய்யக் கொடுத்தார். எழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"அண்ணே, சிலமலையில போர்டு எழுதுறது நீங்கதானா?"

"படிக்கிறியா நீ?" என்றார். அவ்வளவு சந்தோஷம் முகத்தில். "பஸ்சுல போறவுக யாரும் படிக்க மாட்டாகன்னு எம் பொண்டாட்டி சொல்றா தாயி."

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது அவருக்குத் தொழில். மீதி நேரமெல்லாம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவது. எந்த ஊருக்கு என்ன வேலை ஒதுக்கினார்கள், யார் உத்தரவு, எப்போது முடிந்தது என்று கேட்டு வாங்கி, அதைத்தான் பலகையில் எழுதினார். எந்தக் கட்சியிலும் இல்லை. கட்சிக்காரர்கள் இரண்டு பக்கமும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் அரசாங்கம் என்றால் யாரோ பெரியவர் காலில் விழுந்து வாங்கிவருகிற ஒன்று. கேட்டால் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும் என்று ஒரு சட்டம் இருப்பதை நான் கல்லூரியில் படித்திருக்கிறேன். அதை ஒரு மனுஷன் மாதாமாதம் நடத்திக் காட்டுவதை அப்போதுதான் பார்த்தேன்.

கொஞ்ச நாளில் அவர் பெயரைப் பார்த்தாலே அலுவலகத்தில் மனுவைக் கிடப்பில் போட ஆரம்பித்தார்கள். "உம் பேர்ல ஒண்ணு போடுவோமா தாயி?" என்று கேட்டார். போட்டோம். பிறகு இன்னொன்று. பிறகு எல்லாமே என் பெயரில்தான் போயின. ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் மட்டும், "கடை வெச்சுப் பொழைக்கிறவளுக்கு எதுக்கு இந்தச் சோலி?" என்றார். அவருக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மனுக்களில் ஒன்றுதான் மேல்குடி ரோடு பற்றியது. மலைக்குப் பாதை வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டு, வேலைப் பட்டியலிலும் அந்த ரோடு ஏறியிருந்தது. பிறகு வந்த பட்டியலில் காணோம். அதே இடத்தில் வேறொரு ரோடு, ஒரு எஸ்டேட் வாசலுக்குப் போகிறது. மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுத்தது யார், அந்தக் கோப்பின் நகல் வேண்டும் என்று கேட்டேன். பதில் வரவில்லை. மேல்முறையீடு செய்தேன். அதற்குள் உள்ளாட்சித் தேர்தல் வந்துவிட்டது.

அவர் ஒன்றியக் கவுன்சிலருக்குச் சுயேச்சையாக நிற்பதாகச் சொன்னபோது எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். வேட்புமனுவில் அவரை முன்மொழிகிறவர் மேல்குடி ஆளாகத்தான் இருக்க வேண்டும். "பட்டியல்ல கடைசியா இருக்கவுகதான் மொதக் கையெழுத்துப் போடணும்" என்றார். அதற்காக இருவரும் மலை ஏறினோம். ஜீப்பு நிற்கிற இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் நடை. அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சோப்பைத் தேய்த்துக்கொண்டும் எனக்கு நாலைந்து ஏறிவிட்டன. அவர் மூச்சு வாங்க நடந்துகொண்டே, இந்தப் பாதையில் நோயாளியைக் கம்பளியில் கட்டித் தூக்கி வருகிறவர்களைப் பற்றிப் பேசினார். குரல் கம்மியது. அது நடிப்பில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதுதான் எனக்கு விளங்காத இடம்.

மேல்குடியில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். ஏலக்காய் எடுக்கப் போகிறவள். பத்தாவது வரை கீழே விடுதியில் தங்கிப் படித்திருந்ததால் எழுதப் படிக்க அவளைத்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பால் இல்லாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் பேசினார்.

"நான் ஜெயிச்சா அதைத் தருவேன் இதைத் தருவேன்னு சொல்ல மாட்டேன். என்ன நடக்குதுன்னு மறைக்காம வந்து சொல்லுவேன். உங்க ரோட்டை எடுத்தது யாருன்னு பேரோட சொல்லுவேன். அந்தக் காயிதத்தைக் கேட்டு எழுதிப் போட்டிருக்கறது இந்தா இருக்கே, இந்தத் தாயிதான்."

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஓட்டுக் கேட்டு வர்றவங்க எல்லாம் நல்லாத்தான் பேசுறாங்க. நீங்க சொல்லுங்கக்கா. இவரை நம்பலாமா?"

"என்னைய நம்புறீங்கல்ல?" என்றேன். "அப்ப இவரை நம்பலாம்."

மறுநாள் காலையிலேயே இறங்கி வந்து கையெழுத்துப் போட்டாள். அந்த அலுவலகத்துக்குள் அவள் வந்தது அதுதான் முதல் தடவை. வெளியே வந்ததும், தன் பெயரைக் கணினியில் ஏற்றிவிட்டார்களா என்று என்னிடம் இரண்டு முறை கேட்டாள்.

அவருக்குக் கிடைத்தது சீப்புச் சின்னம். வழுக்கைத் தலை வேட்பாளருக்குச் சீப்பு என்று ஊர் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பே விளம்பரமாகப் போயிற்று. ராசிங்காபுரத்தில் என் சொந்தக்காரர்களின் வீடு வீடாக நான் ஏறி இறங்கினேன். "யாத்தா, நம்ம ஆளுகளுக்குப் போடாம ஒரு வாத்தியாருக்கா?" என்று கேட்ட சித்தப்பாவிடம் சண்டைகூடப் போட்டேன். ஓட்டு எண்ணியபோது கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயித்தார். மேல்குடிப் பெட்டியைக் கடைசியாகத் திறந்தார்கள். அதில் சீப்பைத் தவிர வேறு சின்னத்துக்கு விழுந்த ஓட்டு மிகச் சொற்பம்.

ஜெயித்த மூன்றாம் நாள் என் அப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். கடையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அவர் வேகமாக வந்தார்.

"மேல்முறையீட்டு விசாரணைக்கு எப்ப வேணும்னாலும் ஓலை வரும் தாயி. நீ மதுரையில இருந்தா யாரு போறது? கெடு தாண்டிருச்சுன்னா தள்ளுபடி பண்ணிருவான். ரெண்டு மூணு தாள்ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடு. தேவைப்பட்டா நான் எழுதிக் குடுத்துக்கிர்றேன்."

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று என் கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்கிறவள் நான். வட்டிக்கு வாங்கப் போகிற பெண்களை நிறுத்திவைத்துச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஷட்டரில் தாளை வைத்து மூன்று கையெழுத்துப் போட்டேன். பேனா எழுதவில்லை என்று அவருடைய பேனாவையே வாங்கிப் போட்டேன். ஆம்புலன்ஸ் காத்திருந்தது. அது காத்திருக்காவிட்டாலும் போட்டிருப்பேன்.

மதுரையில் இரண்டு வாரம். தினமும் சாயங்காலம் அவர் போன் வரும். அப்பா கஞ்சி குடித்தாரா, டாக்டர் என்ன சொன்னார், நீ சாப்பிட்டாயா என்று கேட்பார். என் கூடப் பிறந்தவன்கூட அப்படி விசாரிக்கவில்லை.

இந்த இரண்டு வாரத்துக்குள் ஒன்றியத் தலைவர் தேர்தல் நடந்தது. கவுன்சிலர்கள்தான் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டு தரப்பும் சமமாக இருந்தன. நடுவில் இருந்த ஒரே சுயேச்சை இவர். மூன்று நாள் இவரை ஊரில் யாரும் பார்க்கவில்லையாம். நான்காம் நாள் ஒரு தரப்பின் கவுன்சிலர்களோடு வேனில் வந்து இறங்கி ஓட்டுப் போட்டார். அந்தத் தரப்பு ஆள் தலைவரானார். அன்று பிற்பகலே இவர் துணைத் தலைவரானார். அந்த மூன்று நாளிலும் எனக்குப் போன் வந்துகொண்டுதான் இருந்தது. எங்கே இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பியபோது கடைக்கு வந்து அவரே விஷயத்தைச் சொன்னார். "வெளிய நின்னு கத்துனா எத்தனை வருசம் கத்துறது? உள்ள போனாத்தான தாயி கோப்பைத் தொட முடியும்." எனக்கு அது சரி என்றே பட்டது. வீட்டுக்காரரிடம் அவருக்காக வாதாடினேன். சிலமலைப் பலகையில் எழுதுவதை அவர் நிறுத்தியிருந்தார். "இப்ப நேரமில்ல தாயி" என்றார். டீக்கடைக்காரர் அதில் வடை, போண்டா விலை எழுதிவைத்தார். அதையும் பஸ்ஸில் இருந்து தினமும் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

மேல்முறையீட்டுக்கு மட்டும் ஓலை வரவே இல்லை. அவரைக் கேட்டால், "தள்ளிப் போட்டிருக்கானுக, நான் பாத்துக்கிர்றேன்" என்பார். மழைக்காலம் முடிந்தும் வராததால் ஒரு நாள் நானே மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த கண்காணிப்பாளர் நிதானமான பெண். எண்ணைக் கேட்டுக் கோப்பைத் தேடி எடுத்துப் புரட்டினார்.

"இது முடிஞ்சுபோச்சேம்மா. நீங்கதான் திருப்தின்னு எழுதிக் குடுத்துட்டீங்களே."

கோப்பைத் திருப்பி என் பக்கம் வைத்தார். பலகையில் பார்த்த அதே எழுத்து. 'நான் கோரிய ஆவணங்கள் அனைத்தும் எனக்கு நேரில் காண்பிக்கப்பட்டன. முழுத் திருப்தி அடைந்தேன். எனவே இம்மேல்முறையீட்டைத் தொடர விரும்பவில்லை.' கீழே என் கையெழுத்து. தேதியைப் பார்த்தேன். தலைவர் தேர்தலுக்கு முந்தின நாள். அப்பாவுக்கு ஆக்சிஜன் குழாயை எடுத்த நாள் அது. "கஞ்சி எறங்குச்சா தாயி?" என்று அன்றைக்கும் போன் பண்ணியிருந்தார்.

"இது நீங்க போட்டதில்லையா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"கையெழுத்து என்னோடது. மேல எழுதினது நான் இல்ல."

"அப்படின்னா வெத்துத் தாள்ல போட்டுக் குடுத்தீங்களா?"

தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அவர் கோப்பை மூடியிருந்தார். புதிதாக மனுப் போடுங்கள், பழையதை ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னார். அவர் மேல் தப்பில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது ஒவ்வொன்றாகக் கூடிவந்தது. ரோட்டை மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுத்தவர் தலைவர் பதவிக்கு நின்றவராகத்தான் இருக்க வேண்டும். கோப்பு வெளியே வந்திருந்தால் அவர் நின்றிருக்கவே முடியாது. கோப்பு வராமல் பார்த்துக்கொண்டதற்குத்தான் துணைத் தலைவர் நாற்காலி. அதற்கு விலையாகக் கொடுக்க வாத்தியாரிடம் இருந்தது என் கையெழுத்து ஒன்றுதான்.

நேரே அவர் அறைக்குப் போனேன். கண்ணாடி போட்ட மேசை, சுவரில் புதுக் காலண்டர். என்னைப் பார்த்ததும் எழுந்து, "டீ கொண்டாங்கப்பா" என்று வெளியே குரல் கொடுத்தார்.

"திருப்தின்னு எப்பண்ணே நான் எழுதினேன்?"

அவர் மழுப்பவில்லை. அதைச் சொல்ல வேண்டும். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"ஒரு கோப்பு தாயி. ஒரே ஒரு கோப்பு. அதை விட்டுக் குடுத்ததுக்குத்தான் இந்த ரூமு. இங்க இருந்து நூறு வேலை பண்ணலாம். அடுத்த தவணையில மேல்குடி ரோடுதான் மொத வேலை. தலைவரே வாக்குக் குடுத்திருக்காரு."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்ப."

"அதுக்காக?"

"நீ கோவப்படுற. படு. ஆனா கையெழுத்து நீ போட்டது தாயி. நான் உன் கையப் புடிச்சு எழுதல."

டீ வந்தது. குடிக்காமல் எழுந்தேன். அவர் வாசல்வரை கூட வந்து, "வெரசா வீட்டுக்குப் போ, மழ வர்ற மாதிரி இருக்கு" என்றார். அதே அக்கறை. அதே குரல். கத்தியிருந்தாலாவது பரவாயில்லை என்று தோன்றியது.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர், "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. "மேல்குடிக்காரவுகளுக்குத் தெரியுமா?" என்றார். அந்தக் கேள்விதான் என்னை உறங்கவிடாமல் செய்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை தனியாக மலை ஏறினேன்.

அந்தப் பெண் வாசலில் ஏலக்காய்க் கூடைக்குப் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் எழவில்லை. சாயா போடப் போகவில்லை. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மனு, அப்பாவின் ஆஸ்பத்திரி, வெற்றுத் தாள், கடிதம்.

"ரோடு எஸ்டேட் பக்கம் வெட்டுறது எங்களுக்குத் தெரியும்" என்றாள். "எங்க வீட்டாளுதான் அங்க கல்லுச் செமக்கப் போகுது. ரெண்டு மாசமாப் போகுது."

"தெரிஞ்சுமா எங்கிட்ட வந்து கேக்கல?"

"அவரு வந்தாரு. எங்க ரோடு என்னாச்சுன்னு கேட்டோம். ஒரு காயிதத்தோட ஜெராக்ஸ் காட்டினாரு. நாந்தான் வாசிச்சேன். திருப்தின்னு இருந்துச்சு. அடியில உங்க பேரு இருந்துச்சு. கேட்ட தங்கச்சியே பாத்து ஒத்துக்கிருச்சு, இனி ரோட்டப் பத்திக் கெளப்பாதீங்கன்னாரு."

எனக்கு உட்கார வேண்டும் போல் இருந்தது. அவள் உட்காரச் சொல்லவில்லை.

"நான் எழுதினதில்ல அது. இப்பத்தான் சொன்னேன்ல."

"கொறச்சு முன்னால வந்து சொல்லியிருக்கணும்" என்றாள். கூடையை மடியில் திருப்பி வைத்துக்கொண்டாள். "அவரு ஓட்டுக்கு வந்த ஆளு. அப்படித்தான் இருப்பாரு. நான் அவரை நம்பிக் கீழ எறங்கி வரல. நீங்கதான நம்பலாம்னு சொன்னீங்க."

பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வெளியே வந்து பார்த்தார்கள். அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் வழிந்து செருப்பில் ஒட்டியிருந்ததை அவள் பார்த்தாள். உள்ளே போய்ச் சுண்ணாம்பு கொண்டுவந்து திண்டில் வைத்துவிட்டு மறுபடி கூடையை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். இறங்கி வரும்போது வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து அழுதேன். அவர் எனக்குச் செய்ததற்காக அழுதேனா, நான் அவளுக்குச் செய்ததற்காக அழுதேனா என்று பிரிக்க முடியவில்லை.

புதிதாக மனுப் போட்டேன். இந்தத் தடவை ஒவ்வொரு விசாரணைக்கும் நானே போனேன். கடையில் ஒப்பந்தக்காரர்களின் தட்டச்சு வேலை வருவது நின்றுபோயிற்று. பல மாதம் கழித்துக் கோப்பின் நகல் கிடைத்தது. நான் நினைத்தபடியே, மேல்குடி ரோட்டுக்குப் பதில் எஸ்டேட் ரோட்டைச் சேர்க்கும்படி இப்போதைய தலைவர் எழுதிய கடிதம் அதில் இருந்தது. அதற்கு அடியில் நான் எதிர்பார்க்காத இன்னொரு கடிதமும் இருந்தது. "மேல்குடி மக்கள் தற்போது சாலை கோரவில்லை" என்று துணைத் தலைவர் எழுதியது. அதற்கு ஆதாரமாக என் திருப்திக் கடிதத்தையே இணைத்திருந்தார். அப்படியென்றால் அது ஒரு கோப்பை மூடுவதற்கு மட்டும் எழுதிய கடிதம் இல்லை. தேதிப்படி பார்த்தால், அடுத்த தவணை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கு முன்பே இதை எழுதி அனுப்பியிருந்தார்.

கிராம சபையில் இரண்டு கடிதங்களையும் வாசித்தேன். ஒன்றிரண்டு பேர் சத்தம் போட்டார்கள். "உன் கையெழுத்தும் இருக்கேம்மா" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார், சிரித்தார்கள். மேல்குடியிலிருந்து யாரும் வரவில்லை. சாலை மறுபடி வேண்டும் என்று தீர்மானம் எழுதிக்கொண்டார்கள். எஸ்டேட் ரோடு அதற்குள் முடிந்து ஜீப்புகள் லோடு ஏற்றிக்கொண்டு இறங்க ஆரம்பித்துவிட்டன. மேல்குடிக்குப் பாதை இன்னும் அந்த இரண்டு மணி நேர நடைதான்.

அவர் இப்போது கட்சியில் சேர்ந்துவிட்டார். போன தை மாதம் போடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு நின்றார். கூட வந்த கட்சிக்காரர் ஒருவரிடம் என்னைக் காட்டினார்.

"நம்ம தங்கச்சி. ஆரம்பத்துல எனக்கு எல்லாமே இதுதான். என்னையக் கவுன்சிலர் ஆக்குனதே இதுதான்."

அந்தக் கட்சிக்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அறிமுகம் செய்தவர் முகத்தில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. உண்மையாகவே பெருமையாகச் சொன்னார். என் வாயில் சோறு இருந்தது. என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று பல மாதமாக மனசுக்குள் எழுதிவைத்திருந்தேன். இலையை மூடிவிட்டு எழப் போனேன்.

பக்கத்தில் இருந்த பெரியம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "பந்தியில பாதியில எந்திரிக்காத ஆத்தா. பொண்ணு வீட்டுக்கு ஆகாது."

உட்கார்ந்தேன். இலையை மறுபடி விரித்தேன். பாயசம் வந்தது, அதையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.